என்ர குடலுக்குள்ள இருக்கிற ஆக்கள்

போன வருடம் மாசி மாதம் ஒரு வைத்தியரின் அறையில் மொத்தமாக நாலு நிமிடம் இருந்தேன். அதில் மூன்று நிமிடம் அவர் என்ர இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரிச் சீனி 6.1. ஈரலில் கொழுப்பு. நிறை 84 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். நாலாவது நிமிடத்தில் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தங்கச்சி, வாயைக் கட்டுங்கோ. நிறையைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி முப்பது வயசுக்குள்ள சீனி வருத்தம் வந்திடும்."

வெளியில் வாங்கில் அம்மா இருந்தா. "என்ன பிள்ளை சொன்னவர்?"

"ஒண்டுமில்லையம்மா. விற்றமின் காணாதாம்."

அறிக்கையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். எனக்கு அப்ப 24 வயது. அப்பாவுக்குச் சீனி வந்து பதினொரு வருடம். வலது காலில் இரண்டு விரல்கள் அவருக்கு இல்லை. அந்த அறிக்கையை அம்மாவிடம் காட்டாததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் வெட்கம். 6.1 என்ற இலக்கத்தை விட 84 என்ற இலக்கம்தான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. இப்ப யோசித்தால் அதுதான் இந்தக் கதையில் பெரிய பிழை.

என்னை மாதிரி உடம்பு உள்ள ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்து ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார்கள். ஒருவர் நிறையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் எழுதினார். மற்றப் பிள்ளைகளுடைய இலக்கம் எல்லாம் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் போய்க்கொண்டிருந்தது. என்ர முறை வந்தபோது எழுதுகிறவர் "எத்தினை?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டாம் தரம் வாசித்தபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு இருந்து கம்பஸ் முடியும்வரை நான் எந்தத் தராசிலும் ஏறவில்லை.

அம்மாவுக்கு நான் ஒரு நாளும் மொத்தம் இல்லை. அம்மாவின் சொல் "பிடிப்பு". "இப்பத்தான் பிள்ளை பிடிப்பா இருக்கிறாள்." 2009 இல் எனக்கு எட்டு வயது. நாங்கள் வன்னியில் இருந்து வெளிக்கிட்டுச் செட்டிகுளத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் எப்படி இருந்தேன் என்று அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு தரம் மட்டும் சித்தியிடம், "தூக்கேக்க நெஞ்செலும்பு என்ர கையில குத்தினது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு வந்த வருடங்களில் அம்மா எனக்குச் சோறு போட்ட விதத்தை நீங்கள் அந்த வசனத்தை வைத்துத்தான் விளங்கவேணும். கோதம்பமாப் பிட்டு, அதுக்கு மேல சீனி. பாணுக்கு மாஜரீன். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி. போட்ட கோப்பையில் மிச்சம் வைத்தால் அம்மாவின் முகம் மாறும். "வாயைக் கட்டுங்கோ" என்று வைத்தியர் சொன்னது என்னை மட்டும் பார்த்துச் சொன்ன சொல்லாக எனக்குக் கேட்கவில்லை.

அறிக்கையை ஒளித்துவைத்து ஒரு கிழமைக்குள் முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. நான் தேடியதை அதுக்கு யார் சொன்னார்களோ. "உங்கள் குடலில் மெல்லிய ஆட்களின் பற்றீரியா இல்லை. அதனால்தான் நீங்கள் குண்டு" என்று ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கதைத்தா. அக்கெர்மான்சியா என்று ஒரு பெயரும் சொன்னா. ஒரு போத்தல் 14,500 ரூபாய். ஒரு மாதத்துக்குக் காணும். என்ர முதல் வேலையின் இரண்டாவது சம்பளம் அப்பத்தான் வந்திருந்தது. வாங்கினேன்.

போத்தல் வந்தது. பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். உள்ளே இருந்தது லக்ரோபசிலஸ் வகைகள். தயிரும் யோகட்டும் புளிக்க வைக்கிற கூட்டம். அக்கெர்மான்சியா என்ற சொல் அந்தப் போத்தலில் ஒரு இடத்திலும் இல்லை. காசு போன கோபத்தில், அந்தப் பெயர் உண்மையில் என்ன என்று பார்ப்போம் என்று தேடத் தொடங்கினேன். உயர்தரத்தில் நான் உயிரியல் படித்தவள். கோபமும் கொஞ்ச உயிரியலும் சேர்ந்தால் இரவு இரண்டு மணிவரை முழித்திருக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. 70 கிலோ நிறையுள்ள ஒரு ஆளின் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருக்கின்றன என்று 2016 இல் இஸ்ரேலியரும் கனடியரும் சேர்ந்த ஒரு ஆய்வுக்குழு கணக்கிட்டது. எங்கட சொந்தக் கலங்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. எங்களை விட அவைதான் கொஞ்சம் கூட. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் வெறும் 200 கிராம். அதில் பெரும்பங்கு பெருங்குடலில். 84 கிலோவில் 200 கிராம் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

2006 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கோர்டனின் ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பிறந்ததில் இருந்து உடம்பில் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை எடுத்து, ஒரு பகுதிக்குக் கொழுத்த சுண்டெலியின் குடல் பற்றீரியாவையும் மற்றப் பகுதிக்கு மெலிந்த சுண்டெலியின் குடல் பற்றீரியாவையும் கொடுத்தார்கள். கொழுத்ததிடம் இருந்து வாங்கியவைக்குக் கொழுப்பு கூடுதலாக ஏறியது. 2013 இல் அதே ஆய்வுகூடம் இன்னும் ஒரு படி போனது. ஒருவர் மொத்தமாகவும் மற்றவர் மெல்லியவராகவும் இருக்கிற இரட்டைப் பிள்ளைகளின் மலத்தில் இருந்து பற்றீரியாவை எடுத்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். மொத்தமானவரின் பற்றீரியா போன சுண்டெலிகள் கொழுத்தன.

விளம்பரக்காரர் சொல்லுகிற கதை இதோடு முடியும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது. இரண்டு வகைச் சுண்டெலிகளையும் ஒரே கூட்டுக்குள் விட்டார்கள். சுண்டெலிகள் ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்னும். அதனால் மெல்லியவற்றின் பற்றீரியா மற்றவைக்குள் போய்க் குடியேறி, அவை கொழுக்காமல் தடுத்தது. எப்போது? கொழுப்புக் குறைந்த, நார்ச்சத்துக் கூடிய தீனி போட்டபோது. கொழுப்புக் கூடின, மரக்கறியும் பழமும் குறைந்த தீனி போட்டபோது அந்தக் குடியேற்றம் நடக்கவில்லை. பற்றீரியா வந்து சேர்ந்தால் மட்டும் காணாது. அதுக்குச் சாப்பாடு இருக்கவேணும்.

இந்த இடத்தில் எழும்பித் தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அக்கெர்மான்சியா. முழுப்பெயர் அக்கெர்மான்சியா மியூசினிபிலா. 2004 இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் மூரியல் டெரியன், வில்லெம் டி வோஸ் ஆகியோரின் குழு இதைப் பிரித்தெடுத்து விபரித்தது. அன்ரூன் அக்கெர்மான்ஸ் என்ற டச்சு நுண்ணுயிரியலாளரின் பெயரை வைத்தார்கள். மியூசினிபிலா என்றால் சீதத்தை விரும்புவது. எங்கட குடலின் உட்சுவருக்கு மேல் ஒரு சீதப்படை இருக்கிறது. இந்தப் பற்றீரியா அங்கே குடியிருந்து அந்தச் சீதத்தையே தின்னும்.

வேலியைத் தின்னுகிற ஆள் எப்படி நல்ல ஆளாக முடியும் என்று நீங்கள் கேட்கலாம். பெல்ஜியத்தில் பற்றிஸ் கானியின் குழு 2013 இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புத் தீனியால் கொழுத்த சுண்டெலிகளுக்கு இதைக் கொடுத்தபோது சீதப்படை மெலியவில்லை, தடித்தது. பழைய கிளையை வெட்டினால் பூவரசு புதுக்குழை விடுகிற மாதிரி, தின்னத் தின்னக் குடல் புதுச்சீதம் சுரந்தது என்று விளங்கிக்கொண்டேன். சீதப்படை தடித்தால் என்ன லாபம்? சில பற்றீரியாக்களின் புறச்சுவரில் இலிப்போபொலிசக்கரைட்டு என்று ஒரு பொருள் இருக்கிறது. குடற்சுவர் பலவீனமானால் அது கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குள் கசியும். காய்ச்சல் வருகிற அளவுக்கு இல்லை, ஆனால் உடம்பு எப்பவும் மெல்லிய அழற்சியோடு இருக்கும். அந்த நிலையில் கலங்கள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. இன்சுலின் கதவைத் தட்டும், கலம் திறக்காது, சீனி இரத்தத்திலேயே நிற்கும். என்ர 6.1 அப்படி வந்த இலக்கமாக இருக்கலாம். 5.7 க்கும் 6.4 க்கும் இடையில் இருக்கிறவர்கள் நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறவர்கள்.

இனி மனிதர்களிடம் நடந்த பரிசோதனை. 2019 இல் வெளிவந்தது, அதே கானியின் குழு. நிறை கூடிய, இன்சுலினுக்குக் கலங்கள் சரியாகப் பதில் சொல்லாத ஆட்கள் 40 பேரைச் சேர்த்து, கடைசிவரை நின்றவர்கள் 32 பேர். மூன்று குழு. ஒரு குழுவுக்கு உயிருள்ள அக்கெர்மான்சியா, ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி கலங்கள். இன்னொரு குழுவுக்கு அதே அளவு, ஆனால் 70 பாகையில் அரைமணித்தியாலம் சூடாக்கிச் செத்துப்போனவை. மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லாத போலி மருந்து. மூன்று மாதம். சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மாற்றவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கூடப் பலன் தந்தது எது தெரியுமோ? செத்தது. சூடாக்கிய பற்றீரியாவை எடுத்தவர்களின் இன்சுலின் உணர்திறன் போலி மருந்துக்காரரோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 28 வீதம் கூடியது. மொத்தக் கொலஸ்திரோல் ஏறத்தாழ 9 வீதம் குறைந்தது. இதே குழு 2017 இல் சுண்டெலிகளில் அந்தப் பற்றீரியாவின் புறச்சவ்வில் உள்ள ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அந்தப் புரதம் தனியாகவே வேலை செய்வதைக் காட்டியிருந்தது. அதைச் சூடு அழிப்பதில்லை.

நிறை? சராசரியாகச் சுமார் இரண்டேகால் கிலோ குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு தற்செயலாக இருக்கமுடியாது என்று சொல்லுகிற அளவுக்குப் புள்ளிவிபரம் வரவில்லை.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். அந்த ஆட்களைத் தராசில் ஏற்றி இலக்கத்தைச் சத்தமாக வாசித்திருந்தால் மூன்று மாதத்துக்கு முதல் இருந்த மாதிரித்தான் கேட்டிருக்கும். வகுப்பு அதே மாதிரிச் சிரித்திருக்கும். ஆனால் உள்ளே அவர்களின் கலங்கள் இன்சுலினுக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தன. 2012 இல் அம்ஸ்ரடாமில் நடந்த ஒரு சின்ன ஆய்வும் இதே கதைதான். மெல்லியவர்களின் மலத்தில் இருந்து எடுத்த பற்றீரியாவை, அனுசேபக் கோளாறு உள்ள மொத்தமான ஆண்களின் குடலுக்குள் செலுத்தினார்கள். ஆறு கிழமையில் இன்சுலின் உணர்திறன் கூடியது. நிறை மாறவில்லை.

பதினொரு வருடமாக நான் ஒரே ஒரு இலக்கத்துக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன். அந்த இலக்கம் என்ர உடம்புக்குள் நடக்கிறதைப் பற்றி அரைவாசிக்கதை கூடச் சொல்லவில்லை. கூடின நிறை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. அது நீரிழிவுக்கான ஆபத்தைக் கூட்டும், முழங்காலுக்கும் இதயத்துக்கும் பாரம். அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த விருப்பமில்லை. ஆனால் நிறை ஒரு அளவு. சீனி இன்னொரு அளவு. ஈரல் இன்னொன்று. ஒன்று அசையாமல் இருக்க மற்றது நல்லாகலாம். மெல்லிய ஆட்களுக்கும் இது சேர்த்துத்தான். என்ர அப்பா வாழ்நாளில் ஒரு நாளும் 62 கிலோவைத் தாண்டவில்லை. அவரை ஒருவரும் "வாயைக் கட்டு" என்று சொல்லவில்லை. சீனி பார்க்கச் சொல்லியும் ஒருவரும் சொல்லவில்லை. விரல் கறுத்த பிறகுதான் பார்த்தார்கள்.

சரி, அப்ப உண்மையான அக்கெர்மான்சியா போத்தல் ஒன்றை எங்கேயாவது வாங்கிக் குடித்தால் சரிதானே? சூடாக்கிய அக்கெர்மான்சியாவை உணவாக விற்கலாம், அது பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 இல் கருத்துச் சொல்லியும் இருக்கிறது. நானும் அப்படித்தான் ஓடப்பார்த்தேன். மூன்று விசயம் என்னை நிற்பாட்டியது.

ஒன்று, 32 பேர் என்பது ஒரு வகுப்பறை. அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அந்த ஆய்வு முதன்மையாகப் பார்க்க வந்ததும் இது பாதுகாப்பானதோ, உடம்பு தாங்குமோ என்றுதான். ஆயிரக்கணக்கான ஆட்களிடம் வருடக்கணக்காகப் பார்த்த மருந்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.

இரண்டு, குடியேற்றியவை நிலைப்பதில்லை. அம்ஸ்ரடாம்காரர் 2017 இல் 38 ஆண்களை வைத்துத் திரும்பச் செய்தபோது ஆறு கிழமையில் பலன் தெரிந்தது. பதினெட்டாவது கிழமையில் பார்த்தால் அது போய்விட்டது. பழைய ஆட்கள் திரும்ப வந்து தங்கட இடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பாடம். 2016 இல் மனிதக் குடலில் இருக்கிற 14 வகைப் பற்றீரியாக்களை மட்டும் சுண்டெலிகளுக்குள் குடியேற்றினார்கள். அதில் அக்கெர்மான்சியாவும் ஒன்று. ஒரு பகுதிக்கு நார்ச்சத்து நிறைந்த தீனி. மற்றப் பகுதிக்கு நார்ச்சத்தே இல்லாத தீனி. நார் கிடைக்காத குடலில் பற்றீரியாக்கள் பட்டினி. நாரை நம்பி இருந்தவை குறைய, சீதம் தின்னக்கூடியவை பெருகிச் சீதப்படையைத் தின்னத் தொடங்கின. படை மெலிந்தது. பிறகு ஒரு நோய்க்கிருமியைக் கொடுத்தபோது அந்தச் சுண்டெலிகள் கடுமையாக நோயுற்றன. வேலியைத் தின்றவர்களில் முன்னுக்கு நின்றது அதே அக்கெர்மான்சியா.

அதாவது, ஒரு ஆய்வில் வேலியைத் தடிக்கச் செய்த அதே ஆள், இன்னொரு ஆய்வில் பசி வந்தபோது வேலியைப் பிரித்துத் தின்றிருக்கிறான். "நல்ல பற்றீரியா", "கெட்ட பற்றீரியா" என்று விளம்பரத்தில் பச்சையும் சிவப்புமாகக் கீறிக் காட்டுவார்களே, குடலுக்குள் அப்படி நிரந்தரமாகப் பெயர் எழுதி ஒட்டின ஆட்கள் குறைவு. பக்கத்தில் யார் இருக்கினம், சாப்பிட என்ன கிடைக்குது என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. செட்டிகுளத்தில் தண்ணி வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ளக் கஷ்டமில்லை. பசி வந்தால் நல்ல சனமும் அடிபடும்.

நார் அங்கே என்ன செய்கிறது? எங்கட சிறுகுடலால் நாரைச் சமிக்க ஏலாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூற்றிறேற்று, புரோப்பியோனேற்று, அசற்றேற்று என்ற சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்கும். பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்குப் பிரதான எரிபொருள் இந்தப் பியூற்றிறேற்று. இந்த அமிலங்கள் குடற்கலங்களைத் தூண்டி, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லுகிற, இன்சுலின் சுரக்க உதவுகிற ஓமோன்களையும் சுரக்கச் செய்யும். இப்ப உலகம் முழுக்கக் கதைக்கிற நிறைகுறைப்பு ஊசிகள் பார்த்துப் பகர்ப்பது அந்த ஓமோன்களில் ஒன்றைத்தான். எங்கட மரக்கறிச் சந்தையில் இருக்கிற சாமான் அந்த ஊசி அளவுக்கு வேலை செய்யாது, அது வேறு கதை. ஆனால் வழி ஒன்றுதான்.

அடுத்த நாள் காலையில் குசினிக்குப் போய் நின்று பார்த்தேன். கோதம்பமா, சீனி, பால்மா, வெள்ளைப் பச்சையரிசி. பெருங்குடலுக்குப் போய்ச்சேரக்கூடிய ஒரு சாமான் அங்கே இல்லை. எல்லாம் மேலேயே கரைந்து இரத்தத்துக்குள் போய்விடும். 38 இலட்சம் கோடிப் பேரை வைத்துக்கொண்டு அவைக்கு ஒரு பிடி சாப்பாடு போடாத வீடு எங்கட வீடு. அம்மாவுக்கு இதைவிடப் பெரிய குற்றச்சாட்டை ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. எனவே அப்படியே சொன்னேன்.

அறிக்கையை மேசையில் விரித்து வைத்து, விற்றமின் கதை பொய் என்று ஒத்துக்கொண்டேன். அம்மா 6.1 ஐக் கன நேரம் பார்த்தா. அப்பாவின் காலைப் பார்த்தா. "உன்னை நான்தான் சாப்பிட வைச்சுக் கெடுத்தனோ?" என்று கேட்டா. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் அறிக்கையை ஒளித்தேன் என்று அப்பத்தான் எனக்கே தெரிந்தது.

"இல்லையம்மா. எனக்குப் போட்டது சரி. உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கும் கொஞ்சம் போடுவம்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பின்னேரம் சந்தைக்குப் போய்க் குரக்கன்மாவும் கௌபியும் வாங்கிக்கொண்டு வந்தா.

அம்மம்மா இருந்திருந்தால் இந்த மாற்றத்தைப் பார்த்து நக்கலடித்திருப்பா. அவவின் காலைச் சாப்பாடு முதல்நாள் சோற்றுக்குத் தண்ணி ஊற்றி வைத்த பழஞ்சோறு. மோர், சின்னவெங்காயம், பச்சைமிளகாய். எங்களுக்கு அது வறுமையின் சாப்பாடு. அவித்த சோறு ஆறும்போது மாப்பொருளின் ஒரு பகுதி மறுபடி இறுகிப் படிகமாகும். அதைச் சிறுகுடலின் நொதியங்களால் உடைக்கக் கஷ்டம், அதனால் நார் மாதிரி நடந்து பெருங்குடலுக்குப் போகும். சமிபாட்டைத் தாங்கும் மாப்பொருள் என்று சொல்லுவார்கள். 2015 இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் படித்த சுதயர் ஜேம்ஸ் என்ற மாணவனும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் இலங்கை அரிசி வகைகளை ஆராய்ந்து, அவிக்கிற தண்ணிக்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, பிறகு சோற்றைப் பன்னிரண்டு மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால் ஒரு வகை அரிசியில் இந்த மாப்பொருள் பத்து மடங்கு கூடியதாக அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் சொன்னார்கள். ஆய்வுகூடத்தில் சோற்றில் அளந்தது அது. சாப்பிட்ட மனிதரில் அளந்தது இல்லை. அதனால் நாலு கோப்பை பழஞ்சோறு சாப்பிட்டால் சீனி குறையும் என்று ஒருவரும் விளங்கவேண்டாம். சோறு சோறுதான். மிஞ்சின சோற்றைச் சூட்டுக்குள் வெளியில் விட்டும் வைக்காதேங்கோ, ஆறினவுடன் குளிரூட்டிக்குள் வையுங்கோ. சோற்றில் வளருகிற எல்லாப் பற்றீரியாவும் அம்மம்மாவின் சொந்தக்காரர் இல்லை.

எங்கட வீட்டில் நடந்தது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கோதம்பமாப் பிட்டு கிழமையில் நாலு நாள் குரக்கன் பிட்டானது. சோறு அரைக் கோப்பை, அதுவும் தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசி. மிச்சக் கோப்பைக்கு முருங்கையிலை வறை, வாழைக்காய்க் கறி, பயறு, வல்லாரைச் சம்பல். ஞாயிறில் ஒடியல் கூழ். முதல் பத்து நாள் வயிறு ஊதி, அலுவலகத்தில் பக்கத்துக் கதிரைக்காரியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. நாரைத் திடீரென்று கூட்டினால் அப்படித்தான், மெல்ல மெல்லக் கூட்டவேணும் என்று பிறகுதான் அறிந்தேன். பின்னேரத்தில் அப்பாவோடு குளக்கட்டில் நடந்தேன். அவருக்குக் கால் கஷ்டம், ஆனால் எனக்குத் துணைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு தானும் நடந்தார். அவருடைய குளிசைகள் ஒன்றையும் நாங்கள் நிற்பாட்டவில்லை. நீங்களும் கௌபியை நம்பிக் குளிசையை விடாதேங்கோ.

வைகாசி கடைசியில் திரும்ப இரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரிச் சீனி 5.8. ஈரலை இன்னும் பார்க்கவில்லை. நிறை 82.5.

இதைப் பற்றீரியாதான் செய்தது என்று நான் சொன்னால் 14,500 ரூபாய்ப் போத்தல்காரிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. நான் நடந்தேன், சீனியைக் குறைத்தேன், சாப்பாட்டை மாற்றினேன், எல்லாம் ஒரே நேரத்தில். ஒரு ஆளை வைத்து, போலி மருந்துக் குழு இல்லாமல் நடந்த ஆய்வு இது. உள்ளே இருக்கிற ஆட்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரிக்க ஏலாது. எனக்கு அவர்கள் செய்த பெரிய உதவி வேறு. "வாயைக் கட்டு" என்ற சொல்லுக்குப் பதிலாக, "இன்னும் என்ன போடலாம்" என்று கேட்க வைத்தார்கள். பட்டினியை நினைவில் வைத்திருக்கிற ஒரு வீட்டில் முதலாவது சொல்லால் ஒன்றும் நடந்திருக்காது.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் அப்பிடியேதான் இருக்கிறாய், உடம்பைக் கொஞ்சம் பாரன் பிள்ளை" என்றா. முந்தி என்றால் அன்றைக்குச் சாப்பிடாமல் வந்திருப்பேன்.

நான் வாய் திறக்க முதல் அம்மா சொன்னா: "அவள் 5.8. உங்களுக்கு எவ்வளவக்கா?"

பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. எட்டு வருடமாக அவ சீனி பார்த்ததில்லையாம். அடுத்த வியாழக்கிழமை அம்மாவே கூட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுப்பித்தா.